என் பெயரில் அம்மா வேலை செய்த நாட்கள்

என் மகளுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே பதினாறு வயதுதான் ஆகிறது. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கிறேன். பிறக்காத பிள்ளைக்கு எந்தத் தாயாவது கடிதம் எழுதுவாளா என்று நீ சிரிக்கலாம். இன்று நடந்ததை ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நீ இன்னும் ஒருவர் ஆகவில்லை. அதனால் உன்னிடம் சொன்னால் சத்தியம் தவறாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். நீ வளர்ந்து, படித்து முடித்து, ஒரு வேலைக்கோ கல்யாணத்துக்கோ என்னைவிட்டுப் புறப்படுகிற நாளில் இதை உன் கையில் கொடுப்பேன். அதுவரை இது என் தகரப் பெட்டியில், பாவாடைகளுக்கு அடியில் இருக்கட்டும்.

எழுதப் பயமாகத்தான் இருக்கிறது. அப்பா பனியன் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவர். ஒரு முறை முதலாளி நீட்டிய காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று தீபாவளி போனஸ் இல்லாமல் கிடந்தவர். "சொன்னது காத்தோட போயிரும் கண்ணு, எழுதுனது கோர்ட்டுல வந்து நிக்கும்" என்று அடிக்கடி சொல்வார். இப்போது பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் சிம்னி விளக்கைத் தணித்துவிட்டு மூச்சை அடக்கிக்கொள்கிறேன். போலீஸ் வருமா, பள்ளிக்கூடத்தில் என் பெயரை அடித்துவிடுவார்களா, அம்மாவை என்ன செய்வார்கள், ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

உனக்கு அம்மாயி ஆகப்போகிற என் அம்மா, எங்கள் ஊர் சர்க்கார் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் போகிற பஸ் எங்கள் ஊரில் நின்று போகும். ஆஸ்பத்திரி சின்னதுதான். ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்சுகள், ஒரு கிளார்க்கு, நான்கு ஆயாக்கள். தோட்டத்துப் பெண்களும் பனியன் கம்பெனிப் பெண்களும் வலி எடுத்தால் மாட்டு வண்டியிலும் சைக்கிள் பின்னாலும் உட்கார்ந்து வந்து சேர்வார்கள். நான் நடை பழகிய நாளில் அம்மா அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். பினாயில் ஊற்றி வார்டைக் கழுவுவது, வெந்நீர் போடுவது, இரத்தத் துணிகளை அலசுவது, வலியில் கத்துகிறவளின் காலைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவள் வேலை. பெரும்பாலும் இரவு டியூட்டி. விடிந்து வீடு வந்ததும் நான் கேட்கும் முன்பே "ஆம்பளப் புள்ள" என்றோ "பொம்பளப் புள்ள" என்றோ சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். சில நாட்கள் ஒன்றும் சொல்லமாட்டாள். கிணற்றடியில் நெடுநேரம் தண்ணீர் சேந்தி ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு உட்கார்ந்திருப்பாள். களைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

இத்தனை வருஷம் ஆகியும் அம்மா டெம்பரவரி. அந்த வார்த்தையைப் படிக்கத் தெரியுமுன்பே எனக்குத் தெரியும். டெம்பரவரி ஆளைத் தொடர்ந்து வைத்துக்கொண்டால் அவர் நிரந்தரம் கேட்டுவிடுவார் என்று சர்க்காருக்குப் பயம் போலிருக்கிறது. அதனால் ஒவ்வொரு ஆறு மாதமும் முடியுமுன் நாலு நாள் நிறுத்திவிட்டு மறுபடியும் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிரேக் என்று பெயர். பிரேக் விழுந்தால் முன்னால் செய்ததெல்லாம் கணக்கில் வராது. ஆயிரம் குழந்தைகளைக் குளிப்பாட்டியவளும் மறுநாள் புது ஆள்தான். ஆயாக்களில் மூத்தவளான ராமாத்தாள் சொல்வாள்: "நம்மள இவிய பர்மனண்ட் பண்றதுக்குள்ள எமன் பர்மனண்ட் பண்ணிருவான்." சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

அந்த நாலு நாளில் வார்டு நிற்காதல்லவா, யாராவது நிற்க வேண்டும். முன்பு ஒருத்தி இருந்தாளாம், பழனியாத்தாள் என்று. பிரேக் விழுந்தபோது, பாவம் கஷ்டப்படுகிறாளே என்று பக்கத்து வீட்டுக்காரியைத் தன் இடத்தில் நிற்கவைத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளியில் உறவு. ஒரு சட்டி வெண்ணெய் அப்போதிருந்த பெரிய டாக்டர் வீட்டுக்குப் போயிற்று. பழனியாத்தாள் திரும்பி வந்தபோது அவள் வாளியை இன்னொருத்தி பிடித்திருந்தாள். அன்றிலிருந்து ஆயாக்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பிரேக் நாட்களுக்குத் தன் வீட்டு ஆளின் பெயரைக் கொடுப்பது. பெயர் மட்டும் அவர்களுடையது, வேலைக்குத் தானே போவது. தங்கை பெயர், நாத்தனார் பெயர், மருமகள் பெயர். கிளார்க்குக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்கும் தெரியும். யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. இடம் கைவிட்டுப் போகாமல் இருக்க, சொந்தக்காரர் பெயரைத் துண்டு போடுவதுபோல் போட்டு வைப்பது. பஸ்ஸில் போடுவதில்லையா?

அம்மா எப்போதும் என் சின்னம்மா பெயரைத்தான் கொடுப்பாள். சின்னம்மா உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் குடிபோய்விட்டாள். சித்தப்பாவோடு மனஸ்தாபமும் இருந்தது. அதனால் இந்த முறை பிரேக் விழுந்தபோது அம்மா என் பெயரைக் கொடுத்தாள். பதினெட்டு வயது என்று கிளார்க்கு எழுதிக்கொண்டார். அந்த நாலு நாளும் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பூகோளப் பாடத்தில் பருவக்காற்று நடந்துகொண்டிருந்தது. அம்மா எனக்கு அதைச் சொல்லக்கூட இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவளுக்குத் தோன்றியிருக்காது.

பிறகுதான் அந்த உத்தரவு வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் இருந்துவரும் டெம்பரவரி இடங்களையெல்லாம் நிரந்தரம் ஆக்கவேண்டும் என்று. உத்தரவு வருவதற்கு முன்பே கடந்துபோன ஒரு தேதியை அதில் குறித்திருந்தார்கள். அந்தத் தேதியில் அந்த இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே அது நிரந்தரம். ஆஸ்பத்திரியே கொண்டாடியது. ராமாத்தாள் வார்டு நோயாளிகளுக்கெல்லாம் பொரிகடலை வாங்கிக் கொடுத்தாள். அன்று மாலை நான் பள்ளிக்கூடம் விட்டு ஆஸ்பத்திரி வழியாக வந்தேன். கிளார்க்கு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. மழை பெய்தால் ஆயாக்களுக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்து போகிறவர்.

"ஏனம்மா, உன்ற எடம் பர்மனண்ட் ஆயிருச்சு."

"நீங்க மவராசனா இருக்கோணுஞ் சாமி."

"இரு, இரு. எடந்தான் ஆச்சு. அந்தத் தேதியில அங்க இருக்கறது உன்ற பேரு இல்ல. உன்ற புள்ள பேரு."

அம்மாவுக்கு உடனே விளங்கவில்லை. "என்ற புள்ள பள்ளிக்கூடத்துலல்லங்க இருந்தா?" என்றாள்.

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். சர்க்காருக்கு எப்படித் தெரியும்? விசாரிக்கறதுக்குக் கோயமுத்தூர்லிருந்து ஒரு ஆபீசர் வர்றாரு. உன்ற புள்ளதான் வேலை செஞ்சாள்னு சொல்லிட்டா அவளுக்குக் கெடைக்கும். இல்லைன்னு சொன்னா, பொய்ப் பேருல சம்பளம் வாங்குனீங்கன்னு ரெண்டு பேருக்கும் இல்லாமப் போகும். என்ற தலையும் போகும். ஊட்டுல யோசிச்சுட்டு வா."

ராமாத்தாளின் பிரேக் அதற்கு அடுத்த மாதம் வந்தது. அதனால் அவள் பெயர் அவள் இடத்திலேயே நின்றது. அம்மாவுடைய பிரேக் ஒரு மாதம் முந்திக்கொண்டது. இரண்டு பேருக்கும் வேறு எந்த வித்தியாசமும் இல்லை. மகளே, நீ என்றைக்காவது ஒரு நல்ல இடத்தில் உட்கார்ந்தால், அது உனக்குக் கிடைக்காமல் செய்திருக்கக் கூடிய அந்த ஒரு மாதத்தை நினைத்துக்கொள். உன்னைவிடத் திறமை குறைந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதே.

அன்று வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "சர்க்கார் உத்தியோகம்னா நல்லதுதான. மாப்பிள்ளைக வாசல்ல வரிசை கட்டி நிப்பானுக" என்றார்.

"வாளி தூக்கறவளுக்கு வரிசை கட்டி நிக்கறானுகளாமா" என்றாள் அம்மா. "மாப்பிள்ளை கெடக்கட்டும். மொதல்ல மாசம் பொறந்தாச் சம்பளம் வரட்டும். பிரேக்கு, கீக்குன்னு எவனும் வந்து நிறுத்தக் கூடாது. வயசான காலத்துல பென்சன் வரோணும்."

நான் குறுக்கிட்டேன். "அது உன்ற வேலைம்மா. நீயில்ல செஞ்சே?"

"நாந்தான் செஞ்சேன். யாரு இல்லைன்னா?"

"அப்பறம் நான் எப்படி அங்க போயி..."

அம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவள் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இங்க பாரு கண்ணு. எனக்குன்னு குடுத்தாங்கன்னா இன்னுங் கொஞ்ச வருசம். அதுக்குள்ள இடுப்பு போயிரும். உனக்குன்னாத் தலை நரைக்கற வரைக்கும். தோட்டங்காடு இருக்கறவிய அப்பன் பேருல இருக்கறத மகன் பேருக்கு எழுதி வெக்கறதில்லையா? அப்படி நெனச்சுக்க. எங்கிட்டத் தோட்டமா இருக்குது? இதுதான் இருக்குது. தெரிஞ்சு எழுதி வெக்கல, தெரியாம எழுதிட்டேன். எழுதுனது எழுதுனதுதான்."

வரப்போகும் பரீட்சையை எழுதி, டிரெயினிங் போய், டீச்சர் ஆகவேண்டும் என்று நான் வைத்திருந்த ஆசையை அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவள் மறக்கவில்லை. டீச்சர் வேலை வரும் என்பது ஒரு பேச்சு. இந்த வேலை வந்துவிட்ட ஒன்று. வாசலுக்கு வந்ததைத் துரத்திவிட்டு வராததற்குக் காத்திருக்கும் வசதி எங்களுக்கு இல்லை. அது எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த மூன்று பேர் ஏற்கனவே பனியன் கம்பெனியில் துணி மடிக்கிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் நான் கொடுத்து வைத்தவள். கொடுத்து வைத்தது அம்மாவுடையது என்பதுதான் உறுத்தியது. சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு அப்பா எனக்கு ஒரு ஜோடி ரப்பர் வளையல் வாங்கி வந்தார்.

பிறகு அம்மா எனக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். செய்வதற்கு அல்ல, சொல்வதற்கு. பினாயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு. எந்தத் துணியைக் கொதிக்க வைப்பது, எதைப் பச்சைத் தண்ணீரில் அலசுவது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது கழுத்தை எப்படித் தாங்குவது. தலையணையை மடியில் போட்டுக் காட்டினாள். அவளிடம் அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் நான் பேசிக்கொண்டிருந்தது அதுவே முதல் தடவை. பரீட்சைக்குப் படிப்பதுபோல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். ஒன்று மட்டும் அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. இருப்பதாகவே எனக்குத் தெரியாது. அதனால் கேட்கவும் இல்லை.

இன்று காலை ஆபீசர் வந்தார். எனக்குச் சேலை கட்டிவிட்டார்கள். தாவணி கட்டிப் பழகிய இடுப்பில் சேலை நிற்கவில்லை. ராமாத்தாள்தான் நாலைந்து ஊக்குக் குத்திவிட்டாள். "அம்மிணி, பதினெட்டு வயசுன்னு சொல்றப்ப நெஞ்ச நிமுத்திச் சொல்லோணும். குனிஞ்சீன்னாப் பதிமூணுன்னு தெரிஞ்சு போயிரும்" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவள் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

டாக்டரம்மா அறையில் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, மெதுவான குரல். டாக்டரம்மா ஜன்னல் பக்கம், கிளார்க்கு சுவரோரம். அம்மாவை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவு திறந்துதான் இருந்தது. பெயர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார், நிமிர்ந்துகொண்டு சொன்னேன்.

"இந்த நாலு நாளும் வேலை பார்த்தது நீதானா?"

"ஆமாங்க. நாந்தானுங்க."

"என்ன வேலை, சொல்லு பார்ப்போம்."

மனப்பாடம் செய்ததையெல்லாம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன், கிளார்க்கின் முகம் தெளிந்தது. ஆபீசர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு டாக்டரம்மாவின் மேஜையில் இருந்த பெரிய ரிஜிஸ்தரைத் தன் பக்கம் இழுத்து ஒரு பக்கத்தைப் பார்த்தார். சோதிப்பவரைப்போல் இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பவரைப்போல் கேட்டார்:

"அந்த நாலு ராத்திரியில ஒரு ராத்திரி இங்கே ஒரு குழந்தை இறந்து பிறந்திருக்கு. அதை எடுத்துக்கிட்டுப் போனது யாரு? நீயா?"

மகளே, அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிறக்கும் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். பிறப்பதற்குள் சாகும் என்று நான் நினைத்ததே இல்லை. செத்ததை யாராவது ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்பதும் என் புத்தியில் வந்ததில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் திறந்தேன். என் இரண்டு கைகளும் தாமாக முன்னால் வந்து, எதையோ ஏந்துவதுபோல் நின்றன.

"அவளக் கேக்காதீங்க சாமி."

அம்மா உள்ளே வந்துவிட்டாள். கிளார்க்கு கையைக் காட்டித் தடுத்தார், அவள் பார்க்கவில்லை.

"நீ வெளியே நில்லும்மா" என்றார் ஆபீசர்.

"அவளுக்கு அது தெரியாதுங்க. தெரியவும் வேண்டாமுங்க. நாந்தான் எடுத்துட்டுப் போனேன். பஞ்சாலைக்குப் போற புள்ளைங்க அந்தப் பொண்ணு. தலைப் பிரசவம். ஊட்டுக்காரன் வெளியூர். ஒருக்காத் தொட்டுப் பாக்கோணும்னு சொன்னா. தொட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்தா. பனியன் துணியில சுத்தி, பொறத்தால வேலியோரத்துல குழி தோண்டி வெச்சேன். மழை விட்டு விட்டுப் பேஞ்சுட்டு இருந்துச்சு. மண்ணு கரஞ்சு போயிருமுன்னு மேல கல்லு வெச்சுட்டு வந்தேன். விடிஞ்சு போயிப் பாத்தேன், கல்லு அப்படியே இருந்துச்சு. அது என்ற புள்ள செய்யற வேலை இல்லீங்க. என்ற வேலை."

அப்பா கம்பெனியில் வெட்டி மிஞ்சும் வெள்ளைத் துணிகளை வாரா வாரம் நான்தான் பையில் அள்ளிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுப்பேன். மெல்லிசாகப் பார்த்துப் பொறுக்கச் சொல்வாள். தரை துடைக்க எதற்கு மெல்லிசுத் துணி என்று கேட்டிருக்கிறேன். "பேசாமப் பொறுக்கு" என்பாள். அது எதற்கு என்று இன்று காலையில் ஒரு ஆபீசர் முன்னால் நின்று தெரிந்துகொண்டேன். கிணற்றடியில் அவள் ஈரத்தோடு உட்கார்ந்திருந்த காலைகள் ஒவ்வொன்றும் அப்போது எனக்கு வேறாகத் தெரிந்தன.

ஆபீசர் பேனாவை மூடினார். கிளார்க்கைப் பார்த்து, "அப்போ இந்தப் பேரு?" என்றார்.

"வழக்கமுங்க சார்."

"வழக்கம்னு எழுதிக்கட்டுமா?"

கிளார்க்கு தரையைப் பார்த்தார். டாக்டரம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர் அம்மாவை உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை, அந்த அறையில் அவள் உட்கார்ந்து பழக்கமில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். "இதை உள்ளபடி எழுதினா ரெண்டு விதமா முடியலாம். இத்தனை வருஷமா வேலை பார்த்தது இந்த அம்மாதான்னு மேலே ஒத்துக்கிட்டு உன் பேருக்கே குடுக்கலாம். இல்லை, பேரை மாத்திச் சம்பளம் வாங்கினதுக்காக ரெண்டு பேரையும் வேண்டாம்னு சொல்லலாம். எதுன்னு என்னால சொல்ல முடியாது. உன் பொண்ணு முதல்ல சொன்னதை மட்டும் நான் எழுதினா அவளுக்கு வேலை கிடைச்சிரும். யோசிச்சுச் சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் இன்னும் கைகளை இறக்காமல் நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் வந்து என் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள். "உள்ளபடியே எழுதுங்க" என்றாள்.

எழுதினார். படித்துக் காட்டினார். பதில் வரும்வரை அந்த இடத்தில் யார் பெயரும் இருக்காது, இரண்டு பேரும் வேலைக்கு வரக் கூடாது என்றார். அம்மா போகாமல் நின்றாள்.

"ஏனுங்க, அப்ப இன்னைக்கு ராத்திரி வார்டுல யாருங்க?"

ஆபீசர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா முதல் தடவையாக வாய் திறந்து, "நீ வா" என்றார். ஆபீசர் அதைக் கேட்காதவர்போல் காகிதங்களை அடுக்கினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா தன்னையே ஏசிக்கொண்டு வந்தாள். "கெடுத்துப்போட்டேன். வாயத் தொறந்து கெடுத்துப்போட்டேன். கையில வந்தத வேலியில வீசுனாப்பல வீசிப்போட்டேன்." நான், "நீ சொன்னது நல்லதுதாம்மா" என்றேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள். "உனக்குப் பள்ளிக்கூடம் மிஞ்சுச்சு. உனக்கு நல்லதாத்தான் தெரியும்" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அவள் "என்ற வேலை" என்று சொன்ன நொடியில் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. திங்கட்கிழமைக் கணக்குப் பரீட்சை ஞாபகம். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டும் எனக்குள் ஒன்றாக இருந்தன. எது பெரிது என்று இப்போதும் பிரிக்கத் தெரியவில்லை.

அப்பா விஷயம் கேட்டதும் கோபிப்பார் என்று பயந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், வெகுநேரம் கழித்து வந்து, "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். சத்தியம் வாங்கியது அதன் பிறகுதான். யாரிடமாவது பேசினால் கிளார்க்குக்கும் கெடுதல் என்றாள் அம்மா. அந்த நேரத்திலும் அவளுக்கு அவர் குடை ஞாபகம் இருந்திருக்கலாம்.

மகளே, உனக்குப் புத்தி சொல்லும் வயது எனக்கு இல்லை. ஆனாலும் ஒரு தாய் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று இன்று பார்த்துவிட்டேன். அம்மா தான் செய்யும் வேலையில் பாதியை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள். எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் மறைத்தாள். நான் உன்னிடம் மறைக்கமாட்டேன். நான் என்ன வேலைக்குப் போனாலும், அதில் என் கை எதைத் தொடுகிறது என்று முழுவதும் சொல்வேன். நீயும் எனக்குச் சொல். யாராவது உன்னைத் தற்காலிகம் என்று சொல்லி வேலைக்கு வைத்தால், அந்த வார்த்தை உன் வேலையைப் பற்றியது இல்லை, அவர்கள் மனதைப் பற்றியது என்று தெரிந்துகொள். குழந்தை பிறப்பது தற்காலிகமாகவா நடக்கிறது? சர்க்கார் ஒரு இடத்தை நிரந்தரம் ஆக்கியது. அந்த இடத்தில் நிற்கிற மனுஷி யார் என்று அதற்குத் தெரியவில்லை. அவளும் தன் இடத்தைக் காப்பாற்ற நினைத்துத் தன் பெயரையே அதிலிருந்து எடுத்துவிட்டாள். பயந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். நீயும் ஒரு நாள் பயப்படுவாய். அப்போது வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் கொடு, செய்த வேலையை நான் செய்தேன் என்று சொல்லும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் வைத்துக்கொள். அம்மா இன்று அதைச் சொல்லும்போது குரல் உயரவே இல்லை. ஆனால் அறையில் இருந்த ஒருவராலும் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை.

அதனால் அந்த வேலை அவளுக்குக் கிடைத்துவிடும் என்று உனக்குக் கதை சொல்லமாட்டேன். கிடைக்காமலும் போகலாம். பதில் வருவதற்குள் நான் பரீட்சை எழுதியிருப்பேனா, அம்மாவோடு பனியன் கம்பெனி வாசலில் நின்றிருப்பேனா, தெரியாது. நீ இதைப் படிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும். இன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பொழுது சாய்ந்ததும் அம்மா தலையை முடிந்துகொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். இந்நேரம் வார்டில் வெந்நீர் போட்டுக்கொண்டிருப்பாள். பதிவேட்டில் அவள் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. சம்பளம் உண்டா என்று அவளும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஒருத்தி வலியில் கத்துகிறாள். அவள் காலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

என் அம்மாவின் பெயர் தெய்வானை. அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுக்கொண்டு போனவர்களில் ஒருத்திக்குக்கூட அது தெரியாது. எல்லோருக்கும் அவள் ஆயா. நீ பிறக்கிற நாளில், நான் எவ்வளவு வலியில் கிடந்தாலும், உன்னை முதலில் கையில் வாங்குகிற பெண்ணிடம் அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். இதைப் படித்து முடித்ததும் நேராக என்னிடம் வந்து, உன்னை முதலில் கையில் வாங்கியவள் பெயர் என்ன என்று கேள். எனக்குச் சொல்லத் தெரியாமல் போனால், இதை எழுதியவள் வேறு யாரோ என்று வைத்துக்கொள்.

உனக்கு அம்மா ஆகப்போகிறவள்